உடன் வசிப்போர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களுக்காக மாதம் ஒரு செய்தி மடல் வந்துகொண்டிருந்தது. மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் துணைவேந்தர் எங்கே போனார், எதைத் திறந்து வைத்தார் என்ற செய்திகள். உள்ளே பதவி உயர்வு, பணி ஓய்வு, இரங்கல், ரத்த தான முகாம், விளையாட்டு விழாவில் நாற்காலிப் போட்டியில் ஜெயித்தவர்கள். மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் புதிய விதிகள். விடுப்பு, பயணப்படி, மருத்துவச் செலவு, குடியிருப்பு என்று எது மாறினாலும் அங்கேதான் வரும். அந்த மடலைத் தயாரிப்பது என் வேலை. பதிவாளர் அலுவலகத்தில் நான் சாதாரண உதவியாளர்தான். தமிழ் எம்.ஏ. படித்திருந்தேன் என்பதற்காக அதை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

கேன்டீனிலோ சைக்கிள் ஸ்டாண்டிலோ என்னைப் பார்ப்பவர்கள் நிறுத்திச் செய்தி சொல்வார்கள். பெண் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், போட முடியுமா என்று கேட்பார்கள். மச்சான் கோவிலில் கச்சேரி செய்கிறான், அதையும் போடச் சொல்வார்கள். ஊழியர் சம்பந்தப்பட்டது மட்டும்தான் போடலாம் என்று நான் சொல்ல வேண்டும். ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவை எனக்கு வேண்டியிருந்தன.

வீட்டில் கேட்க ஆள் இருந்தது. அடையாற்றில் ஊழியர் குடியிருப்பின் முதல் மாடியில், எங்கள் நூலகத்தில் வேலை பார்த்த அக்காவோடு நான் இருந்தேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். நோயாளியான அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு எங்கோ நின்றுபோனது. அம்மா போனதும் தம்பி அந்த வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். நான் கோடம்பாக்கத்துக்காரி. அப்பா ஸ்டூடியோக்களில் லைட் போடுகிறவர். அவருக்குப் பிறகு அண்ணன் குடும்பம் பெருத்து, அந்த வீட்டில் எனக்குப் பாய் விரிக்க இடம் இல்லாமல் போயிற்று. தி.நகரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். அறைக்கு மூன்று பேர். யார் எப்போது எந்த ஊருக்கு மாற்றலாகிப் போவார்கள் என்று தெரியாது.

விடுதிக்குத் திரும்பப் பிடிக்காமல் வேலை முடிந்தும் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்த அக்கா ஒருநாள், ஆத்துக்குப் போக மாட்டியா என்று கேட்டார். விடுதி என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார். பிறகு எப்போதோ, புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்.

“எனக்கு க்வார்ட்டர்ஸ் குடுத்திருக்கா. ரெண்டு ரூம். எனக்கு ஒண்ணு போறும். நீ வந்துடேன்.”

அப்படித்தான் போனேன். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் அலமாரியில் பாதியை எனக்காகக் காலி செய்து வைத்திருந்தார். வெகு காலம் அப்படி இருந்தோம். அவர் சமைப்பார், நான் காய் நறுக்கிப் பாத்திரம் எடுத்து வைப்பேன். அவர் அடுப்பில் மீன் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவேன். வந்ததும், குளிச்சுட்டு வா, காப்பி போடறேன் என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. ‘இவளே’ என்பார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட என் பெயர் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

மாதா மாதம் மடலின் மெய்ப்பு பிழை திருத்த வரும் நாள் எங்களுக்குப் பண்டிகை மாதிரி. அச்சகத்திலிருந்து தாள்களைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வருவேன். சாயங்காலக் காப்பி முடிந்ததும் அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார். எழுத்துப் பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு முறை ‘ஓய்வு பெருகிறார்’ என்று அச்சாகி வந்திருந்தது. “பெருகறதுக்கு அது என்ன காவேரியா?” என்றார். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த விதி என் மேஜைக்கு ஒரு சாதாரணக் கோப்பில் வந்தது. இம்மாத மடலில் சேர்க்கவும் என்று மேலே ஒரு துண்டுச் சீட்டு. குடியிருப்புக்காகக் காத்திருப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள், சிலர் வீட்டை வாங்கி உள்வாடகைக்கு விடுகிறார்கள், ஆகவே இனி ஒதுக்கீடு பெற்றவருடன் அவருடைய கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், ரத்த உறவினர் ஆகியோர் மட்டுமே வசிக்கலாம். மற்றவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியேற வேண்டும். உள்வாடகைக்கு விட்டவர்கள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த விதி அவர்களுக்காகப் போட்டது. எங்களை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அன்று மாலை அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்றச் செய்திகளோடு அதுவும் அச்சகத்துக்குப் போய், மெய்ப்பாகித் திரும்பி வந்தது. வழக்கம்போலக் காப்பிக்குப் பிறகு அக்கா படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம், விளையாட்டு விழா, பதவி உயர்வு. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது நான் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தேன். அங்கிருந்தே குரல் கேட்டது. ‘ரத்த உறவினர்’ என்பதை ‘உரவினர்’ என்று அடித்திருந்தார்கள். “மறுபடியும் இந்த ர, ற” என்று சொல்லி அவர் அதைத் திருத்தினார். திருத்திய பிறகு அந்த வாக்கியத்தை இன்னொரு முறை, மெதுவாக, வாய்க்குள்ளேயே படித்தார்.

“இது எப்ப வந்தது?”

“போன வாரம்.”

“நீ சொல்லலையே.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்துத் திரும்பவும் எடுத்தார். மீதியையும் படிச்சுடறேன், இரங்கல்ல எப்பவும் இனிஷியலைத் தப்பாப் போட்டுடுவா என்று சொல்லி, கடைசிப் பக்கம் வரை விடாமல் படித்து முடித்துத் தாள்களை என் கையில் கொடுத்தார்.

மடல் வெளியான சில நாட்களில் குடியிருப்பு முழுக்க இதே பேச்சாக இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மா அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறவர். “இன்னாம்மா, உன்ன மட்டும் போவச் சொல்றாங்களாமே? எங்களையுந்தான் சொல்லிக்கினு கீறாங்க, ஊருக்கு வெளிய எங்கியோ எடம் தர்றாங்களாம்” என்றார். அதைச் சொல்லிவிட்டு, சாம்பலும் நாரும் வாங்கி வைக்கவில்லையே என்று கேட்டார். சில மாதங்களில் அவர்கள் எனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

பதிவாளரைப் பார்த்துச் சொல்லலாம் என்பது அக்காவின் யோசனைதான். நானே தினமும் அவர் அறைக்குள் போய் வருகிறவள். ஆனாலும் அன்று முதல் முறை போவது மாதிரி வாசலில் காத்திருந்தோம். அவர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். இரண்டு பேரும் ஊழியர்கள், வெளியாள் யாரும் இல்லை, அக்கா ஓய்வு பெறவும் அதிக காலம் இல்லை என்று நான் சொன்னேன். அவர் விதியைத் திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரத்த உறவுன்னுதான் இருக்கு. எவ்வளவு தூரத்து உறவுன்னு இதுல இல்ல. ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அப்படி எழுத முடியாது சார். இவ எனக்கு உறவு இல்லை. எங்கூட வேலை பாக்கறவ. அவ்வளவுதான்.”

பதிவாளர் தலையை ஆட்டினார். அப்படியானால் தன்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்றார். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம்.

திரும்பி நடந்த வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். பூக்கள் உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தன. அக்காதான் முதலில் பேசினார். பொய் எழுதிக் கொடுத்து, பிறகு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் தம்பி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்றார். அவர் பயம் நியாயமானது. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒருவரிடமும் கை நீட்டாமல் சாக வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. எல்லாம் எனக்குப் புரிந்தது. ‘சரிக்கா’ என்றேன். ‘அவ்வளவுதான்’ என்று அவர் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே சொன்னது அல்ல. விதிக்கு முன்னால் நிற்கும்போது வேறு சொல் அவருக்குக் கிடைத்திருக்காது. அன்று காப்பியில் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். நான் குடித்தேன்.

எனக்கென்று குடியிருப்பு கேட்டால் பட்டியலில் பல வருஷம் காத்திருக்க வேண்டும். வெளியில் வீடு தேடிய மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தி.நகரில், கூட யாரும்மா இருக்காங்க என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு அக்காவே அழைத்துப் போனார். அங்கே நான் எந்த ஊர், என்ன சாப்பிடுவேன் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்து மாட வீதியில் நடக்கும்போது, அவா அப்படித்தான், நீ மனசுல வெச்சுக்காதே என்றார். கடைசியில் பாலவாக்கத்தில் கிடைத்தது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் வீட்டுப் பின்பக்கம், ஓடு போட்ட ஒரே அறை, சமைக்க ஒரு மூலை. அவரும் தனியாக இருக்கிறவர். ஆனால் பேச்சுத் துணை தேடுகிறவர் இல்லை. வாடகை கொடுக்கப் போனால் கதவுக்கு வெளியிலேயே வாங்கிக்கொள்வார்.

நான் கிளம்பிய அன்று அக்கா லீவு போட்டார். சாமான்களைத் தானே கட்டினார். ஊறுகாய் ஜாடியைத் துணி சுற்றி வைத்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் மாடி ஜன்னலில் நின்றார். கை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பார்க்கப் போகிறோம், பிறகென்ன என்றுதான் இருந்தது.

பாலவாக்கத்தில் விடிந்தால் வாசலுக்கு மீன் வரும். இத்தனை வருஷம் ஞாயிறுக்காகக் காத்திருந்தவள் முதல் வாரமே வாங்கினேன். அம்மா வைக்கும் பக்குவத்தில் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். வாசனை அறை முழுக்க நின்றது. யாரும் குளித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. குழம்பு இரண்டு பேருக்கு மேல் இருந்தது. அளவு குறைக்கக் கை பழக நாளாயிற்று.

தினமும் பஸ்ஸில் திருவான்மியூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். நின்றுகொண்டுதான் வர வேண்டும். முதலில் மதியச் சாப்பாட்டுக்கு நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் கொண்டு வருவார். ஆனால் ஒரே வீட்டில் இருந்தபோது தானாக வந்த பேச்சு, சாப்பாட்டு இடைவேளையில் வர மறுத்தது. பஸ் கிடைத்ததா என்று கேட்பார், கிடைத்தது என்பேன். தண்ணீர் எப்படி என்பார், உப்பு என்பேன். பிறகு அவருக்கு நூலகத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி வந்தது, எனக்கு மடல் வேலையோடு பேரவைக் கூட்ட வேலையும் சேர்ந்தது. மதியம் சந்திப்பது வாரம் ஒருமுறை ஆயிற்று. மெய்ப்பை நானே பஸ்ஸில் படிக்கப் பழகிக்கொண்டேன். பிழைகளோடு மடல் வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற அன்று நூலகத்தின் படிப்பறையில் விழா. நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சந்தன மாலை, வெள்ளிக் குங்குமச் சிமிழ். செய்தி சேகரிக்க வேண்டியவள் என்பதால் நான் பின்வரிசையில் குறிப்புத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். இப்படி எத்தனையோ விழாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். அக்காவும் முதலில் அப்படித்தான் பேசினார். நூலகருக்கும் அலுவலகத்துக்கும் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் நன்றி சொன்னார். முடித்துவிட்டார் என்று கை தட்டத் தொடங்கினார்கள். அவர் உட்காரவில்லை.

“கூட இருந்தவாளுக்கும் நன்றி சொல்லணும். முன்னாடி சரியாச் சொல்லலை, அதான்.”

அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை, மேஜை விரிப்பைப் பார்த்தார். அவர் பேச்சு வழக்கில் ‘இருந்தவா’ என்பது பலரையும் குறிக்கும், ஒருவரையும் குறிக்கும். கேசரித் தட்டை நீட்டியவரிடம் வேண்டாம் என்றுகூடச் சொல்ல வராமல் தலையை ஆட்டினேன். அன்று மாலையே செய்தியை எழுதினேன். ‘தம்முடன் இருந்தவருக்கும் நன்றி கூறினார்’ என்று ஒருமையில் முடித்திருந்தேன். மேலே போன தாள் திரும்பி வந்தபோது அதை அடித்து, ‘உடன் பணியாற்றிய அனைவருக்கும்’ என்று மாற்றியிருந்தார்கள். அப்படித்தான் அச்சாயிற்று.

க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவர் பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனார். சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டேன். பெட்டிக்குள் உட்கார்ந்ததும் என் புடவைத் தலைப்பைச் சரி செய்து, மெலிஞ்சுட்டியே என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவருக்குப் போன் செய்வேன். முதலில் அவரே எடுப்பார். காது மந்தமாகிக்கொண்டு வந்தது. யாரு, யாரு என்று கேட்பார். நான்தான் அக்கா என்று கத்துவேன். பூத்தில் காத்திருப்பவர்கள் கண்ணாடி வழியே பார்ப்பார்கள். சில சமயம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், குளிர் எலும்புக்குள்ள போறது, தம்பி பேரன் நன்னாப் பாடறான் என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு தம்பி மனைவி எடுக்கத் தொடங்கினார். அக்கா தூங்குகிறார், கோவிலுக்குப் போயிருக்கிறார், சொல்லிவிடுகிறேன் என்பார். மரியாதையாகத்தான் பேசுவார்.

இடையில் விதி மாறியது. புதிய பதிவாளர் வந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார். தனியாக இருக்கும் பெண் ஊழியர்கள் இருவர் சேர்ந்து ஒரே வீட்டைக் கேட்கலாம் என்று கோப்பு வந்தது. மூன்றாம் பக்கத்தில், அதே இடத்தில் போட்டேன். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மடல் கையோடு என்னைத் தேடி வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், விடுதியில் இருந்தாள்.

“மேடம், நீங்களும் தனியாத்தானே இருக்கீங்க. சேந்து எழுதிப் போடலாமா? உங்க சீனியாரிட்டிக்கு உடனே கிடைச்சிடும்.”

எனக்குக் கடற்காற்று ஒத்துக்கொண்டுவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பினாள். உண்மையில் என் மனதில் வேறு கணக்கு இருந்தது. அந்த வீடுகளில் விருந்தாளி தங்க அனுமதி வாங்க வேண்டும். பாலவாக்கத்தில் யாரையும் கேட்க வேண்டாம். அக்கா எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் ஓய்வு பெற்ற பிறகு, அவருக்கு மனம் இருந்தால், வந்து இருந்துவிடலாம். இதை அவரிடம் சொன்னதில்லை. பூத்தில் கத்திச் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. அந்தப் பெண் வேறு ஒருத்தியோடு சேர்ந்து வீடு வாங்கினாள். அவர்கள் பால் காய்ச்சியபோது எனக்கும் சொன்னார்கள். போய் வந்தேன்.

அடுத்த கோடையில், அதிசயமாக அக்காவே போனை எடுத்தார். அன்று காதும் நன்றாகக் கேட்டது. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் பார்த்து எத்தனை நாளாச்சு, ஒரு தரம் வரணும், உன் ஆத்துல ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் என்றார். உன் ஆத்துல என்று அவர் சொன்னதை நடந்துகொண்டே பல முறை சொல்லிப் பார்த்தேன். உற்சவம் முடிந்துவிட்டது என்று அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. தரையில் படுத்து எழுந்திருக்க அவருக்கு முட்டி இடம் கொடுக்காது. திருவான்மியூரில் ஒரு கட்டில் வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் கட்டிலைச் சுவரோரம் நெருக்கித் தள்ளி அதைப் போட்டதும் அறையில் நடக்க இடமில்லை. புதுப் போர்வை விரித்து வைத்தேன். வீட்டுக்கார ஆசிரியை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, யாராவது வர்றாங்களா என்று கேட்டார். ஆமாம், எங்க அக்கா என்றேன்.

அவர் வரவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி, டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார் என்று தம்பி மனைவி சொன்னார். நான் வரட்டுமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், வீட்டில் கல்யாணக் கூட்டமாக இருக்கிறது, பிறகு சொல்கிறோம் என்றார். பிறகு சொல்லவில்லை. ஞாயிறு தோறும் போன் செய்தேன். பிறகு மாதம் ஒருமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூத்தில் வரிசை நீளமாக இருந்தது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். மணலில் வலை உலர்த்தியிருந்தார்கள். இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு வாங்கிய கட்டிலை விற்கவில்லை. மடித்த துணிகளும் மிஞ்சிப்போன செய்தி மடல் கட்டுகளும் அதன்மேல் சேர்ந்தன. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடு விலகி என் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. நகர்த்தலாம் என்றால் இடம் இல்லை. பாத்திரம் வைத்துப் பார்த்தேன், தெறித்தது. துணிகளையும் மடல் கட்டுகளையும் இறக்கித் தரையில் வைத்தேன். போர்வையை உதறி விரித்து, அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.